வீடு மாறாமல் மாநிலம் மாறுவது எப்படி?

மாநிலம் மாறும் விஷயத்தில் கடியப்பட்டணத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பாட்டி வள்ளியாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பிறந்தாள், அங்கேயே கல்யாணம் கட்டினாள், அங்கேயே கல்லறைத் தோட்டத்துக்கும் போனாள். வாழ்நாளில் அடுப்பை ஒரு முழம் நகர்த்தியவள் இல்லை. ஆனாலும் பிறந்தது திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில். 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூர்–கொச்சிக்குக் குடிபோனாள். 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தாள். 1969-ல் அது தமிழ்நாடு என்று பெயர் மாறியபோது அவளுக்கு நான்காவது முகவரி. லாரி வாடகை இல்லை, வீட்டு முன்பணம் இல்லை, புதுவீட்டில் பால் காய்ச்சவில்லை, பாத்திரம் ஒன்றும் நசுங்கவில்லை. ஊர்க்கோயில் இந்த விஷயத்தில் அரசாங்கத்தையே முந்திக்கொண்டது: கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து கோட்டாறு மறைமாவட்டம் 1930-லேயே பிரிந்துவிட்டதால், பாட்டியின் ஆன்மா அவளுடைய உடம்புக்கு 26 வருஷம் முன்னாலேயே எல்லை தாண்டியிருந்தது.

இந்த வழிகாட்டியில் வரப்போகும் எல்லா முறைகளிலும் இதுதான் செலவு குறைந்தது. ஆனால் இதற்கு ஒரு மாநில மறுசீரமைப்புச் சட்டம் வேண்டும், எல்லைப் போராட்டத்துக்கு நேசமணி போல ஒரு தலைவர் வேண்டும். 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் குண்டுக்கு விழுந்தவர்களையும் கணக்கில் சேர்த்தால், செலவு குறைந்தது என்ற சொல் வாயில் வராது. ஆகவே மற்ற முறைகளைப் பார்ப்போம்.

இதை எழுதவேண்டி வந்தது என் மாமி மகனால். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் அவனுக்கு வேலை. விடியுமுன் எழுந்து இரணியலில் ரயில் ஏறுகிறான், இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், "அத்தான், குடும்பத்தோட திருவனந்தபுரம் மாறிரலாம்னு இருக்கேன். ரெண்டு மாநிலத்து வரியும் செலவும் ஒப்பிட்டு ஒரு கணக்கு போட்டிருக்கேன், பாத்துச் சொல்லுங்க" என்று மடிக்கணினியைத் திறந்தான். ஊரில் நாலு பேருக்கு வருமானவரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் நான். அந்த ஒரு பாவத்துக்காகக் குடும்பத்தில் கணக்கு என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். பார்த்தேன். முப்பத்தெட்டு வரி, எட்டு நிறம். அவனைப் போல எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று, நாங்கள் இருவரும் கண்டறிந்ததைப் படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: வருமான வரியை ஒப்பிடுங்கள். இப்படித்தான் எல்லா வழிகாட்டியும் தொடங்கும். காரணம், அவற்றின் மூலப்பிரதி அமெரிக்காவில் எழுதப்பட்டது. அங்கே மாநிலமும் தனியாக வருமான வரி வாங்கும். டெக்சாஸிலும் புளோரிடாவிலும் அந்த வரி இல்லை என்று கலிபோர்னியாக்காரர்கள் மூட்டை கட்டுவார்கள். டெக்சாஸில் இறங்கிய பிறகுதான் வீட்டு வரிச் சீட்டு வரும். அதைப் பார்த்துவிட்டு மூட்டையைத் திரும்பப் பார்ப்பார்கள். நமக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. இரணியலில் இருந்தாலும் இடுக்கியில் இருந்தாலும் வருமான வரி டெல்லிக்குத்தான், ஒரே விகிதத்தில்தான். தப்பிக்க வேண்டுமென்றால் சிக்கிம் போகலாம். வருமானவரிச் சட்டம் சிக்கிம்காரர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் அதற்கு அந்த நாடு இந்தியாவோடு சேருமுன்பே உங்கள் தாத்தா அங்கே குடியிருந்திருக்க வேண்டும். எங்கள் தாத்தாக்கள் நெய்மீன் பின்னால் போனார்களே தவிர மலைப்பக்கம் போனதில்லை.

தொழில்வரி என்று ஒன்று மிச்சம் இருந்தது. அதை உள்ளாட்சி அமைப்பு வாங்குகிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இரண்டு மாநிலத்திலும் உச்சம் 1,250 ரூபாய், ஏனென்றால் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் யாரும் வாங்கக்கூடாது என்று அரசியல் சாசனமே மூடி போட்டு வைத்திருக்கிறது. வேலை எங்கேயோ அங்கே கட்டவேண்டிய வரி அது. மாமி மகன் கடியப்பட்டணத்தில் தூங்கினாலும் திருவனந்தபுரத்துக்குத்தான் கட்டிக்கொண்டிருக்கிறான். முப்பத்தெட்டு வரிகளில் இரண்டு இப்படிக் காலி. ஒரு சாயா குடிக்கலாம்.

இரண்டாவது படி: கடைச்சாமான்களின் வரி. 2017 ஜூலை 1-க்கு முன்னால் நீங்கள் இதைப் படித்திருந்தால் நல்ல சுவாரஸ்யமான படி இது. அப்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வாட் வரி. களியக்காவிளையைத் தாண்டியதும் பொருளுக்கு விலை மாறும். கேரளத்தில் கறிக்கோழிக்கு 14.5 சதவீதம் வரி இருந்தது. தமிழ்நாட்டுக் கோழி அமரவிளைச் சோதனைச் சாவடியை ஒதுக்கிவிட்டு ரப்பர் தோட்டத்து ஊடுவழியாக, நிலா வெளிச்சத்தில், கொக்கரிக்காமல் கேரளத்துக்குள் நுழையும். தங்கம் கடத்தினவர்களைப் பற்றிச் சினிமா எடுத்தார்கள், கோழி கடத்தினவர்களைப் பற்றி யாரும் எடுக்காதது மலையாள சினிமாவுக்கும் தமிழ் சினிமாவுக்கும் பொதுவான குறை. ஜி.எஸ்.டி. வந்ததும் கோழிக்கு வரி பூஜ்யம். அப்படியென்றால் விலையும் குறைய வேண்டுமே என்று கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் கிலோ 87 ரூபாய்க்குத்தான் விற்கவேண்டும் என்றார், வியாபாரிகள் கடையை அடைத்தார்கள். கோழிக்கு இதெல்லாம் தெரியாது. இப்போது சோப்புக்கும் செருப்புக்கும் இரண்டு பக்கமும் ஒரே வரி. சோதனைச் சாவடிக்கு வணிகவரியில் வேலையில்லை. ஊடுவழியில் இப்போது போவது ரேஷன் அரிசியும் படகு மண்ணெண்ணெயும்தான் என்று வாரம் ஒருமுறை பேப்பரில் படம் வருகிறது. பறிமுதல் செய்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் நாலு அதிகாரிகள் நிற்பார்கள்.

மூன்றாவது படி வாடகை. திருவனந்தபுரத்தில் அதிகம். மேலே போவோம்.

நான்காவது படியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அது மாமி.

ஐந்தாவது படி பெட்ரோல். இது ஜி.எஸ்.டி.க்குள் வராத சாமான், ஆகவே இன்னமும் மாநிலங்களின் கைச்செலவுக்குக் கொடுத்துவைத்திருப்பது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்பு செஸ் என்று 2 ரூபாய் கூட்டியது. இரண்டையும் மற்ற வரிகளையும் சேர்த்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் லிட்டருக்கு ஐந்து ரூபாய் போல அதிகம். களியக்காவிளைப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகளில் கே.எல். 19, கே.எல். 20 என்று பாறசாலை, நெய்யாற்றின்கரை வண்டிகள் வரிசையில் நிற்பதற்கு இதுதான் காரணம். மாமி மகன் இதற்கு ஒரு சூத்திரம் போட்டிருந்தான்: குடிபோன பிறகும் மாதம் இரண்டு முறை ஊருக்கு வருவோம், வரும்போது டேங்கை நிரப்பிக்கொள்வோம். வந்துபோக ஆகும் பெட்ரோலை எந்த வரியில் எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். அதற்கு ஒரு வரி சேர்த்து அவன் இன்னொரு நிறம் தேடினான்.

ஆறாவது படி: வண்டி. மாநிலம் மாறினால் வண்டியும் மாறவேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம், 47-ஆம் பிரிவு. அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28-ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் கடிதம், புது இடத்தில் மீதமுள்ள ஆயுளுக்குச் சாலை வரி. அது கட்டிய பிறகு பழைய மாநிலத்தில் ஏற்கெனவே கட்டிய ஆயுள்வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பம். ஆயுள்வரி என்பது வண்டியின் ஆயுளுக்கு. திருப்பி வாங்குவது நம்முடைய ஆயுளுக்கு. அந்த வரியிலும் இரண்டு மாநிலமும் பெரிதாக விட்டுக்கொடுக்கவில்லை. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் 20 சதவீதம், கேரளத்தில் 22. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படிக்க மாட்டார்கள், அவர்களுக்குப் பாண்டிச்சேரி இருக்கிறது. அங்கே வரி குறைவு என்று கேரளத்துச் சொகுசுக் கார்கள் பல, சினிமாக்காரர்களுடையது உட்பட, பாண்டிச்சேரி முகவரியில் பதிவானது 2017-ல் வழக்குவரை போனது. என் பாட்டி வீடு மாறாமல் மாநிலம் மாறினாள். இவர்கள் வீட்டையும் மாற்றவில்லை, தாங்களும் மாறவில்லை, காரை மட்டும் காகிதத்தில் குடியேற்றினார்கள். முன்னேற்றம் என்றால் இதுதான்.

நிலம் வாங்குவதென்றால்: இரண்டு பக்கமும் சென்ட் கணக்குத்தான், 435.6 சதுர அடி, அதில் திருவிதாங்கூர் இன்னும் பிரியவில்லை. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2. கேரளத்தில் 8-உம் 2-உம். ஒரு சதவீத வித்தியாசம். கழக்கூட்டத்தில் ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்தவன் அந்த ஒரு சதவீதத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

ஏழாவது படி, லாட்டரி. இதை எந்த வழிகாட்டியிலும் காணோம். எங்கள் பக்கம் மாநிலம் மாறுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இதுதான். தமிழ்நாடு 2003-ல் லாட்டரியை ஒழித்தது. கேரளத்தில் 1967-ல் அரசே லாட்டரி இலாகா தொடங்கியது. 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல், சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. இப்போது ஓணம் பம்பர் சீட்டு 500 ரூபாய், பரிசு 25 கோடி. அந்தப் பணம் முழுக்கக் கைக்கு வராது. ஏஜென்ட் பங்கு 10 சதவீதம் போய், மிச்சத்தில் 30 சதவீதம் வருமானவரி பிடித்து 15 கோடியே 75 லட்சம் வரும், அதற்கு மேலும் சர்சார்ஜ், செஸ் என்று வரி அலுவலகத்திலிருந்து காதல் கடிதங்கள் வரும். எனக்குத் தெரிந்து எங்கள் ஊர் ஜனங்கள் மனமுவந்து கட்டத் தயாராக இருக்கும் ஒரே வரி அதுதான். "ஒம்பது கோடி போனா போட்டும் மக்கா, நமக்குப் பதினஞ்சு போதும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லும் ஆட்களைக் கடற்கரையில் ஏலம் முடிந்த நேரத்தில் பார்க்கலாம். இதற்காகக் குடிபோக வேண்டுமா? வேண்டாம். 2023 ஓணம் பம்பர் தமிழ்நாட்டுக்காரர்கள் நாலு பேருக்குத்தான் விழுந்தது. வாளையாருக்குப் போய்ச் சீட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வளைகுடாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்க்காரனுக்கு வெளிமாநிலம் என்றால் முதலில் ஞாபகம் வருவது சவூதியும் பக்ரைனும்தான். அங்கே சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் சவூதி 2018-ல் 5 சதவீதமாக வைத்த வாட் வரியை 2020-ல் 15 ஆக்கியது. குடும்பத்தை உடன் வைத்திருந்தால் தலைக்கு மாதம் 400 ரியால். தலைவரியைத் திருவிதாங்கூரோடு விட்டுவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு அது கப்பல் ஏறி முன்னாலேயே போய்க் காத்திருந்தது. அதனால்தான் ஆண்கள் அங்கே படகுக்குப் போக, பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள்.

இனி மின்சாரம், பஸ், மாதத்தொகை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-லிருந்து. பெண்களுக்குச் சாதாரண டவுன்பஸ்ஸில் 2021 மே முதல் டிக்கெட் இல்லை. 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத்தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். கேரளத்தையும் குறை சொல்லக்கூடாது: முதியோர் உதவித்தொகை அங்கே 2,000 ரூபாய், இங்கே 1,200. இதையெல்லாம் மாமி மகன் பட்டியலில் பச்சை நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் போட்டிருந்தான். பஸ்ஸுக்கு நேரே ‘மதிப்பு: தெரியவில்லை’ என்று இருந்தது. எனக்குத் தெரியும். 2021 டிசம்பரில் குளச்சல் பஸ் நிலையத்தில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான பெண்ணை நாற்றம் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறுவதற்கும் மதிப்போடு உட்கார்ந்து போவதற்கும் நடுவில் இருப்பதை எந்த மாநிலமும் பட்ஜெட்டில் போடவில்லை.

கடலில் போகிறவனுக்கு ஒப்பீடு இன்னும் சுருக்கம். மேற்குக் கடலில் தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, 61 நாள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து அதே ஜூலை 31 வரை, 52 நாள். மாநிலம் மாறினால் ஒன்பது நாள் லாபம். அந்த ஒன்பது நாளில் முட்டத்திலிருந்து பார்த்தால் கேரளப் படகுகள் தொழில் செய்வது தெரியும் என்று சொல்வார்கள். மீனுக்கு எல்லைக்கல் தெரியாது, ஆனால் மீன்வளத்துறைக்குத் தெரியும்.

சிரித்துக்கொண்டே எழுதிவந்தேன், இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. கரைக்குத் திரும்பாதவர்களின் குடும்பங்களுக்குக் கேரளம் 20 லட்சம் அறிவித்தது. தமிழ்நாடு முதலில் சொன்னது 10 லட்சம். குழித்துறை ரயில் நிலையத்தில் எங்கள் ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்களைக் கேரளத்தோடு சேர்த்துவிடுங்கள் என்ற குரல் அங்கே எழுந்தது. அதற்கு 63 வருஷம் முன்னால் எந்த எல்லைக்காக உயிர் கொடுத்தார்களோ அந்த எல்லைக்கு மிகப் பக்கத்தில். பிறகு இங்கேயும் 20 லட்சம் ஆக்கினார்கள். இரண்டு மாநிலத்து வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டு எவ்வளவோ அட்டவணை பார்த்துவிட்டேன். சாவை ஒப்பிட்ட அட்டவணை அது ஒன்றுதான். போட்டது பொருளாதார நிபுணர்கள் இல்லை, கணவனையும் மகனையும் தேடிக்கொண்டிருந்தவர்கள்.

சரி. விட்டுவைத்த நான்காவது படிக்கு வருவோம்.

மாமிக்கு எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. கடவத்தில் மீன் சுமந்து மேற்கே ஊர் ஊராக நடந்து விற்றவள், இப்போது அலுமினியச் சருவத்துக்கும் டவுன்பஸ்ஸுக்கும் மாறியிருக்கிறாள். மகன் அட்டவணையில் மாமி ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தாள்: ‘அம்மா – மருந்து’. மாதத்தொகை 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறது, தனி ரேஷன் கார்டு, தனி அடுப்பு. திருவனந்தபுரம் போனால் அது நிற்கும். இதை நான் எடுத்துச் சொன்னதும் அவன் ‘அம்மா – வருமானம்’ என்று புது வரி சேர்த்தான். நாற்பதாவது வரி.

அதுவரைக்கும் சாளை சுத்தம் செய்துகொண்டு சும்மா இருந்த மாமி கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"மக்கா, இதுல கறிக்கு எங்க எழுதியிருக்கு?"

காட்டினான். மீன் – மாதம் 4,000.

"இங்க எவ்வளவு எழுதியிருக்க?"

"இங்க எழுதல்லம்மா. இங்கதான் நீ கொண்டு வருவல்லா."

"ஓ. அப்ப நான் கொண்டு வாற மீனுக்கு வெலை இல்ல. நம்ம கடல்ல புடிச்சு, நம்ம கரையில ஏலம் போட்டு, லாரியில ஏறிப்போற மீன நீ அங்க பாளையம் சந்தையில நின்னு காசு குடுத்து வாங்கப்போற. அது செலவு. வெள்ளத்துக்கும் காசு எழுதியிருக்கியா?"

எழுதியிருந்தான்.

"எனக்க சீட்ட ஆரு கெட்டுவா? மேலத்தெருவுல கடன் குடுத்த சக்கறத்த ஆரு போய் வாங்குவா?"

மாமிக்கு ரூபாய் என்பது இன்னும் சக்கறம்தான். திருவிதாங்கூர் சக்கரம் 1949-லேயே போய்விட்டது, ஆனால் எங்கள் பக்கத்து வாயிலிருந்து போகவில்லை. அந்தக் காலத்து நாணயக் கணக்கைக் கேட்டால் இன்றைய மடிக்கணினிக்கும் தலை சுற்றும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆரல்வாய்மொழி தாண்டினால் அந்தப் பக்கத்து ஆங்கிலேயர் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும். எல்லை தாண்டும்போதெல்லாம் அரைச் சக்கரம் கையிலிருந்து போகும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் கருவாட்டுக் கூடையோடு நின்று அந்த அரைச் சக்கரத்தை மனசுக்குள்ளேயே கழித்து விலை சொன்னார்கள். வரியையும் விலையையும் மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடும் கலை இந்த ஊருக்குப் புதிதென்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கல்பனா ராம் என்ற மானுடவியலாளர் 1980-களில் கடியப்பட்டணத்தில் தங்கி ஆராய்ந்து முக்குவர் பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1991-ல் வந்தது. ஆண்கள் கடலுக்குப் போக, கடன், வட்டி, சீட்டு, சீதனம் என்று கரையில் பணத்தை ஆள்கிறவர்கள் பெண்கள் என்பதை அதில் பார்க்கலாம். மாமியிடம் சொன்னேன். "அதுக்கு ஒரு புஸ்தகமா?" என்றாள்.

ஊர்க்கோயிலுக்குப் போகும் மீன்பங்கும் மகன் அட்டவணையில் இல்லை. பிடிப்பில் ஒரு பங்கு கோயிலுக்கு என்பது கடற்கரையின் பழைய வழக்கம். அதை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவார்கள். அரசாங்கம் வாங்கும் எந்த வரியையும் விடப் பழையது, கடுமையானது, ஆனால் அதைக் கட்டினவனுக்குத் திருவிழாவில் கொடி ஏறும்போது கழுத்தை நிமிர்த்தி நிற்க முடியும். கல்யாணத்துக்கு ஊரே வரும், சாவுக்கும் வரும். திருவனந்தபுரத்து அடுக்குமாடியில் பராமரிப்புக் கட்டணம் மாதம் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவன் எழுதியிருந்தான். எது அதிகம் என்று என்னைக் கேட்டால் ஊர்தான் அதிகம் என்பேன். ஊர்க்காரன் என்ற பெயருக்கு நாம் ஆயுள்வரி கட்டுகிறோம், தடையின்மைச் சான்று வாங்க எந்த ஆபீசும் இல்லை. சிலருக்கு அந்தச் சுமை தாங்காமல்தான் நகரத்துக்கு ஓடவேண்டியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களில் பல பெண்கள் இறால் கம்பெனி வேலைக்கென்று குஜராத் வரைக்கும் போனவர்கள். வரி அட்டவணை பார்த்துவிட்டுப் போகவில்லை.

பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒன்று. மாமி மகன் தன் பெரியவளை அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்திருக்கிறான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, 2020-லிருந்து. நடுவில் எல்லை தாண்டினால் அது அங்கேயே முடிந்தது. சாதிச் சான்றிதழும் அப்படித்தான்: இங்கே வாங்கின தாளை அங்கே மாநில வேலைக்குக் காட்ட முடியாது. ஒரே மனிதன், ஒரே அப்பன், ஒரே கடல், பட்டியல் மட்டும் வேறு. ஆங்கில வழிகாட்டிகள் இதைச் சொல்லாது, அவற்றை எழுதுகிறவனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற அனுபவம் கிடையாது.

எல்லாம் சேர்த்து, மாமியையும் மீனையும் வெள்ளத்தையும் சேர்த்து, இரவு பத்து மணிக்கு மாமி மகன் கூட்டுத்தொகை போட்டான். முதலில் போட்டபோது திருவனந்தபுரத்துக்கு மாதம் 2,600 ரூபாய் லாபம். இப்போது கடியப்பட்டணத்துக்கு மாதம் 5,100 ரூபாய் லாபம். ரயிலில் போய்வரும் மூன்றரை மணி நேரத்துக்கு எவ்வளவு விலை போடுவது என்று மட்டும் அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அது பெரிய தொகை. அவன் பெண்டாட்டியைக் கேட்டால் அந்த 5,100-ஐ ஒரே விழுங்கில் விழுங்கிவிடும் தொகை என்று சொல்லியிருப்பாள். அவளை நாங்கள் கேட்கவில்லை. அவள் உள்ளே பிள்ளைக்குப் பரீட்சைப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டில் கணக்குப் போடும்போது இந்தத் தப்பைச் செய்யாதீர்கள், இரண்டாவது படியிலேயே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

குடிபோகும் யோசனை இப்போதைக்குக் கிடப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை விடியுமுன் அவன் வழக்கம்போல இரணியல் ரயில் நிலையத்துக்குப் போனான், சோற்றுப்பையில் மாமி வறுத்த சாளை. சீசன் டிக்கெட்டில் தமிழ்நாட்டுக்கு இத்தனை கிலோமீட்டர், கேரளத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பிரித்துப் போட்டிருக்காது. மொத்தமாக ஒரே தொகைதான்.